ஹாரன் மாஸ்டரின் அமைதி

நாலு எண்ணும்வரை மூச்சைப் பிடித்து வைக்க வேண்டும். மூன்றிலேயே விட்டுவிட்டு, மூடிய கண்ணைத் திறக்காமல், "யாரது குழாயைத் திறந்தது?" என்றார் ஹாரன் மாஸ்டர். சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது. அவர் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். காலை மணி ஆறு ஐந்து. தம் நரம்புகளுக்கு அவர் ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தார்.

இருபத்து மூன்று வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வண்டியில் ஹாரன் அடிக்கும் வேலையைப் பழகுகிறவர்களுக்கு அவர் விட்டுவைப்பதில்லை. அவர் குரலே முந்திக்கொள்ளும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். "கண்ணாடியப் பாருங்க சார். தலை சீவவா அத மாட்டி வச்சிருக்கு?" என்பார். "கிளச்சுலேர்ந்து கால மெதுவா எடுங்கம்மா. அதென்ன, சுடுதா?" என்பார். அவரிடம் வண்டி பழகிய ஒரு பல் மருத்துவர், நோயாளிகளின் பயம் எப்படிப்பட்டது என்று தமக்கு அப்போதுதான் புரிந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

தொழிலைத் தொடர உடல்தகுதிச் சான்றிதழ் வேண்டும். இந்தத் தடவை டாக்டரம்மா கையெழுத்துப் போடவில்லை. ரத்த அழுத்தக் கருவியை இரண்டு முறை கட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"உங்க நரம்பெல்லாம் எந்நேரமும் சண்டைக்கு நிக்குது. மூணு மாசம் தர்றேன். நேரத்துக்குத் தூங்குங்க, கொஞ்சம் நடங்க, காலைல கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க. குறைஞ்சா கையெழுத்து. இல்லன்னா வண்டிய மறந்துடுங்க."

"சும்மான்னா எப்படிங்க?"

"சும்மான்னா சும்மாதான்."

மாஸ்டருக்கு அது போதவில்லை. சும்மா இருப்பதற்கும் முறை என்று ஒன்று இருக்கும், அதை இந்த அம்மா மறைக்கிறார் என்றே அவருக்குப் பட்டது. அதனால் முறைகளைத் தாமே சேகரித்தார். படுக்கையறைக்குக் கறுப்புத் திரை வந்தது. மூச்சுக்கு ஒரு பாய், முதுகுக்கு ஒரு பலகை, மணிக்கட்டில் ஒரு கைக்கடிகாரம். நாடியைப் பார்த்து, மனிதன் எவ்வளவு அமைதியாக இருக்கிறான் என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும் கடிகாரம் அது.

நடைக்குப் போனால் முன்னால் போகிற அத்தனை பேரையும் முந்திவிட்டுத்தான் வீடு திரும்புவார். திரும்பும்போது நடைபாதையில் குறுக்கே வந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் கூடவே வரும். மேல்வீட்டில் நாற்காலி இழுபடுகிற சத்தம் தியானத்தைக் கெடுக்கிறதென்று, பதினாறு ரப்பர் குமிழ்களை வாங்கிக்கொண்டு மாடியேறினார். "உங்க நாற்காலிக்கெல்லாம் செருப்பு வாங்கியாந்திருக்கேன்" என்று சொல்லி, மேல்வீட்டுக்காரர் வாயைத் திறக்குமுன் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டிவிட்டுத்தான் இறங்கினார். ஒன்பதடித்தால் வீடு முழுக்க விளக்கை அணைத்துவிட வேண்டும். மழலையர் பள்ளியில் வேலை பார்க்கும் மகள், "எங்க ஸ்கூல்ல மூணு வயசுக் குழந்தைங்களையே இவ்வளவு அதட்டித் தூங்க வைக்கறதில்லப்பா" என்று சொல்லிப் பார்த்தாள். அவளுக்கும் நரம்பு கெட்டுக் கிடக்கிறது என்றார்.

எல்லாவற்றுக்கும் தலையானது அந்த ஆறு மணித் தியானம். ஆறிலிருந்து ஆறரைவரை வீட்டில் ஈ பறந்தாலும் இறக்கையைச் சுருட்டிக்கொண்டுதான் பறக்க வேண்டும். காவல் வேலை மனைவிக்கு. பால்காரர் மணியை அழுத்திவிடக் கூடாதென்று ஐந்தே முக்காலுக்கே வாசற்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார். போனைத் தலையணைக்கடியில் புதைப்பார். குக்கர் விசிலடிக்கும் என்பதால் திறந்த பாத்திரத்தில் வேகவைப்பார். தும்மல் வந்தால் துண்டை வாயில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடுவார். இத்தனை ஏற்பாட்டுக்கு நடுவே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவருக்குக் கடிகாரம் கொடுத்தது முப்பத்தெட்டு. மறுநாள் முப்பத்தாறு.

ஒன்பது வாரம் ஆகியும் நாற்பதைத் தாண்டவில்லை. மாஸ்டருக்குச் சந்தேகம் வந்தது. தம் மீதல்ல, கடிகாரத்தின் மீது.

"உன் கையில கட்டிப் பாக்கலாம்" என்று மனைவியைக் கூப்பிட்டார். "நீ வீட்ல நிம்மதியாத்தானே இருக்க. உனக்கு எண்பது தொண்ணூறு காட்டணும். காட்டலைன்னா மிஷின் தப்பு."

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். எப்பவும்போல இரு."

அந்த அம்மா ஒரு பகல் ஒரு இரவு கடிகாரத்தோடு எப்போதும்போல இருந்தார். மறுநாள் மத்தியானம் மாஸ்டர் கழற்றிப் பார்த்தார். பத்தொன்பது. அவர் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு சந்தோஷம் தெரிந்தது. "நான் சொன்னேன்ல" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

கடையில் பழுது பார்க்கிற பெண், அவர் போட்ட சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டே கடிகாரத்தைத் திரையோடு இணைத்தாள். கோடு ஒன்று ஏறி இறங்கி ஓடியது. கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மிஷின் நல்லாத்தான் சார் இருக்கு. இது உங்க கையில கட்டினதா?"

"இல்ல. என் வீட்டுக்காரம்மா."

"அவங்க காலைல வேலைக்குப் போறாங்களா? ஆஸ்பத்திரி, தீயணைப்பு, அந்த மாதிரி ஏதாவது?"

"வீட்லதான் இருக்கா."

"பகல் பூராவுமே கொஞ்சம் ஏறித்தான் இருக்கு. ஆறுலேர்ந்து ஆறரைக்குள்ளதான் பாருங்க, மலையேறின மாதிரி போகுது. அந்த நேரத்துல உங்க வீட்ல என்ன நடக்கும்?"

மாஸ்டர் மேசை விளிம்பைத் தடவினார். பின்னால் வரிசையில் நின்ற இருவரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"நான் தியானம் பண்ணுவேன்" என்றார்.

அந்தப் பெண் கடிகாரத்தைத் துடைத்து, உறையில் போட்டு, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

திரும்பி வரும் வழியில் அவரை மூன்று பேர் முந்திப் போனார்கள். அவர் கவனிக்கவில்லை. வீட்டில் மனைவி சமையலறையில் இருந்தார். கழுவிய தட்டை அடுக்கில் வைக்குமுன் ஒரு துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் தட்டை வைத்து, பிறகு துணியை மெல்ல உருவினார். தொட்டிலில் குழந்தையை விடுகிற பக்குவம். மாஸ்டர் வாசற்படியில் நின்று மூன்று தட்டுவரை பார்த்தார்.

"மணி நாலுதானே ஆகுது. இப்ப எதுக்கு இவ்வளவு மெதுவா வைக்கிற?"

அந்த அம்மா தம் கையைப் பார்த்துக்கொண்டார். "தெரியல. பழகிப்போச்சு."

மாஸ்டர் தமக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தார். "நாளைலேர்ந்து காலைல நீ நடக்கப் போ."

"எத்தன மணிக்கு?"

"ஆறு."

"அப்ப பாலு, அடுப்பு?"

"நான் பாத்துக்கறேன்."

"உங்க தியானம்?"

"சும்மாதானே உக்காந்திருக்கேன்" என்றார். சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. உடனே சுதாரித்துக்கொண்டு, "கைய வீசி நட. மூச்சு மூக்கால போகணும். மூலைல திரும்புறதுக்கு முன்னால பின்பக்கம் ஒரு தடவ பாரு" என்றார்.

"நான் என்ன காரா?" என்றார் அந்த அம்மா. தட்டைத் துணியில்லாமல் வைத்தார். அது கணீரென்றது. இருவரும் அதைக் கேட்டார்கள்.

மறுநாள் ஆறு மணிக்கு மகளின் நடைக் காலணியைப் போட்டுக்கொண்டு அந்த அம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆயுசுக்கும் செருப்பே போட்டவருக்கு அந்தக் கயிறு பிடிபடவில்லை. குனிந்தால் இடுப்பு வேறு பிடித்தது. மாஸ்டர் சமையலறையிலிருந்து வந்து பார்த்தார். "அப்படியில்ல, மொதல்ல அந்த முனைய" என்று தொடங்கியவர், நிறுத்திக்கொண்டு எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்தார். இரண்டு முனையையும் பிடித்து இழுத்து, பலத்தையெல்லாம் கொடுத்து இறுக்கிக் கட்டினார். அந்த அம்மாவின் கால்விரல் காலணிக்குள் நெளிந்தது. மாஸ்டர் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து முடிச்சை அவிழ்த்தார். கயிற்றுக்கும் பாதத்துக்கும் நடுவே தம் சுட்டுவிரலை நுழைத்து வைத்துக்கொண்டு, அந்த விரலுக்கு இடம் விட்டு, மறுபடியும் கட்டினார்.