சப்பாத்துக்குள் மடு மண்

யோசப்பினுக்குப் பாம்பென்றால் குலை நடுங்கும். அவள் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்த அவுஸ்திரேலியாவின் யாரா பள்ளத்தாக்கிலோ பாம்புக்குப் பஞ்சமில்லை. வெயில் ஏறினால் திராட்சை வரிசைகளுக்குள் அதுபாட்டுக்கு ஊர்ந்து திரியும். மன்னார்க்காரி வேறென்ன செய்வாள்? விஷம் தீண்டாமல் காக்கும் மடு மாதா கோயில் மண்ணில் ஒரு சிட்டிகையைத் துணியில் முடிந்து, காலில் போடும் சப்பாத்துக்குள் வைத்துக்கொண்டாள். தங்கை சேலை மடிப்பில் ஒளித்துக் கொண்டுவந்த மண் அது. விமான நிலையத்து நாய்கூட அதை மோப்பம் பிடிக்கவில்லை.

தோட்டத்து மண் சாம்பல் நிறம். மழைக்குச் சேறாகி வைத்த காலை விடாது, கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். குளிர் ஊர் என்பதால் பழம் மெல்ல, ஆறுதலாகத்தான் பழுக்கும். ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் கொடிகளை அழித்துவிட்டு மாடு மேய்த்தார்களாம். பிறகு வந்தவர்கள் மறுபடி நட்டார்கள். அப்படி நட்ட கிழட்டுக் கொடிகளை வருடா வருடம் கிளை நறுக்கிக் கவ்வாத்து செய்தவள் யோசப்பின். பிள்ளையில்லாத அவளுக்கு அவைதான் பிள்ளைகள்.

அந்தக் கொடிகளின் வேரைத் தின்னும் பூச்சி ஒன்று உண்டு. பில்லொக்ஸெரா என்பார்கள். சப்பாத்தில் ஒட்டிய மண்ணோடு தோட்டம் விட்டுத் தோட்டம் போகும், வந்தால் மருந்தில்லை. அதற்காகவே வாசலில் ஒரு தட்டில் கிருமிநாசினி ஊற்றி வைத்திருந்தார்கள். எல்லோரும் அதில் இறங்கி நின்றுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். யோசப்பினின் பழஞ்சப்பாத்தில் தண்ணீர் ஊறும். மாதாவின் மண் அந்த நாற்றத் தண்ணீரில் நனையலாமா? ஆள் பார்க்காத நேரம் தட்டைத் தாண்டிவிடுவாள். சனி ஞாயிறுகளில் வேறொரு ஆற்றங்கரைத் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறித்த சப்பாத்தும் அதேதான்.

இந்தக் கோடையில் கீழ் வரிசைகள் அகாலத்தில் மஞ்சளாயின. வேரைத் தோண்டிப் பார்த்தார்கள். பூச்சிதான். எல்லாவற்றையும் பிடுங்கி எரிப்பதென்று முடிவானது.

யோசப்பினுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் துணி முடிச்சோடு மேற்பார்வையாளன் அருந்தவனிடம் போய் அழுதாள்.

"தம்பி, கள்ளமாக் கொண்டுவந்த மண். இதாலதான் பூச்சி வந்ததோ?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அன்ரி நீங்கள்! மடுவில திராட்சையே இல்லை, பிறகெப்பிடிப் பூச்சி வாறது? இது ஆத்தங்கரைத் தோட்டத்தில இருந்து வந்தது. அங்கயும் பிடிச்சிட்டுதாம். ஆரோ ஒரு நாசமாப்போனது சப்பாத்தைத் தோய்க்காமல் வந்திருக்கு."

யோசப்பின் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தாள்.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நீங்கள் ஒழுங்காத் தட்டில நிண்டுதானே வாறனீங்கள்?"

"ஓம் தம்பி" என்றாள். முடிச்சைத் திரும்பவும் சப்பாத்துக்குள் வைத்தாள்.

கொடிகள் எரிந்த அன்று பள்ளத்தாக்கெல்லாம் புகை. எல்லோரும் அதைப் பார்க்கப் போயிருந்தார்கள். யோசப்பின் மட்டும் வாசலுக்கு வந்து தட்டில் இறங்கினாள். தண்ணீர் சப்பாத்துக்குள் ஏறி, காலுறையை நனைத்து, துணி முடிச்சையும் நனைத்தது. கால் விறைக்கும்வரை அவள் வெளியே வரவில்லை.