மெழுகுவர்த்திக்குக் கீழே மச்சான் படம்

பிள்ளைகளா, நான் எட்டாவதுவரைதான் படித்தவன். பாம்பன் பக்கத்தில் எங்கள் சர்ச்சுக்கு, செல்போனில் இலவசமாகக் கிடைத்த தளத்தில் நானே ஒரு இணையப் பக்கம் செய்தேன். அன்று ஒரு விசைப்படகில் கடலுக்குப் போனவர்களுக்காக எல்லாரும் ஜெபிக்கட்டும் என்று அவர்கள் படங்களைப் போட்டேன். அந்தத் தளத்தில் தயாராக இருந்த, மெழுகுவர்த்தி எரிகிற பக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டேன்; அழகாக இருந்தது. மேலே அதிலேயே இருந்த ஆங்கில வரி புரியவில்லை. ஏதோ வேத வசனம் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் என் தங்கச்சி செல்வி ஓடி வந்தாள். அவள் வீட்டுக்காரரும் அந்தப் படகில்தான் போயிருந்தார்.

"அண்ணே, படகு போச்சாம்ணே. போன்ல நம்ம சர்ச்சோட பக்கத்துலயே போட்டுட்டாகளாம்."

மச்சானுக்குப் போன் போட்டேன், போகவில்லை. எங்கள் பங்குச் சாமியாருக்குத்தான் தகவல் வந்திருக்கும், அவர்தான் போடச் சொல்லியிருப்பார் என்று அவரிடம் ஓடினேன்.

அவர் தன் போனைக் காட்டினார். "இது நீ போட்ட பக்கம்தானப்பா? செத்தவங்க நினைவாகன்னு மேல இங்கிலீஷ்ல இருக்கே."

உடனே அந்தப் பக்கத்தை அழித்தேன். தப்பு என்னுடையதுதான், படகுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று செல்வியிடம் எவ்வளவோ சொன்னேன்.

"அவரைக் கண்ணுல பாக்காம இங்கன இருந்து எந்திரிக்க மாட்டேன்" என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். படகு வரும்வரை எனக்கும் பயம் போகவில்லை.

விடிந்ததும் மச்சான் இறங்கி வந்தார். விஷயம் கேட்டு, "ஏன் மச்சான், அடக்கப் பாட்டும் பாடிட்டீகளா?" என்றார். செல்வி சிரிக்கவில்லை.

இப்போது புரியாத வரி எதுவானாலும் என் மகளிடம் அர்த்தம் கேட்கிறேன். வெட்கமாக இருந்தாலும் கேட்கிறேன். யார் படம் போட்டாலும் முதலில் செல்வி பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.