சித்தியின் பவளம் வெளுத்த வாரம்

எங்கள் வீட்டில் கடல் இருக்கிறது என்று சொன்னால் பள்ளிக்கூடத்தில் ஒருத்தியும் நம்பமாட்டாள். கண்டியிலிருந்து எந்தப் பக்கம் இறங்கினாலும் கடலைக் காண மணிக்கணக்காகும். ஆனால் ஹந்தானை மலைக்கு ஏறும் பாதையில் இருந்த எங்கள் வீட்டு ஹோலில், மாதா படத்துக்குக் கீழே, மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றில் அது இருக்கத்தான் செய்தது. நீர்கொழும்பிலிருந்து மீன் ஏற்றிவரும் லொறிக்காரர் மாதம் ஒருமுறை இரண்டு கேன் கடல்தண்ணீரை இறக்கிவிட்டுப் போவார். ஊரெல்லாம் மீனை வாங்குகிறது, நாங்கள் மட்டும் மீன் கிடந்த தண்ணீரை வாங்குகிறோம் என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

தொட்டி சித்தியுடையது. அம்மாவின் தங்கை, விஞ்ஞானம் படிப்பிக்கும் டீச்சர், முப்பத்திரண்டு வயது, எங்களோடுதான் இருந்தாள். தொட்டிக்குள் இரண்டு சின்ன மீனும் ஒரு பவளமும். கடலில் உடைத்ததல்ல அது. கொழும்பில் யாரோ தன் தொட்டியில் வளர்த்து, கட்டைவிரல் அளவுக்கு வெட்டிக் கொடுத்த துண்டு. மூன்று வருடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்தது. நிறம் மட்டும் தேயிலைச் சாயம். வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, டிவியில் வருவதெல்லாம் கலர் கலராக இருக்கிறதே என்று ஏமாந்து போவார்கள்.

"அது உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத செடி இருக்குங்க. வெளிச்சத்துல அதுதான் பவளத்துக்குச் சமைச்சுப் போடுது. அந்தச் செடியோட கலருதான் இது" என்று சித்தி சளைக்காமல் விளக்குவாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு மீனைப் பார்ப்பார்கள்.

நிறம் சித்திக்கும் ஒரு தொல்லைதான். சித்தி கறுப்பு. நான் அச்சு அசல் சித்தி. அதுவரை மூன்று கூட்டம் பெண் பார்க்க வந்து, ரோல்ஸும் கேக்கும் சாப்பிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று படியிறங்கியிருந்தது. சொல்லித்தான் அனுப்பினார்கள்: பிள்ளை நல்ல பிள்ளை, கொஞ்சம் நிறம்தான். நாலாவது கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவதாக இருந்தது. அதற்கு முந்திய வாரம் முழுக்க சித்திக்குக் கொழும்பில் டீச்சர்மாருக்கான பயிற்சி. அம்மா முகம் வெளுக்கும் கிறீம் ஒரு டியூப் வாங்கி, ஒரு கிழமை விடாமல் பூசு என்று கெஞ்சிக் கொடுத்தாள். சித்தி அதை உடைக்காமலே அலுமாரியில் வைத்துவிட்டு பஸ் ஏறினாள். மறந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

தொட்டிப் பொறுப்பு எனக்கு. தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால் வடிகட்டி வைத்திருக்கும் நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர்தான், உப்பு எங்கேயும் போகாது. மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி. விளக்கை மட்டும் தொடவே கூடாது. காலை பத்துக்குத் தானாக எரிந்து இரவு எட்டுக்குத் தானாக அணையும் அதில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் இருந்தது. அது நிற்க வேண்டிய இடத்தில் நகப்பூச்சால் சித்தி ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள்.

திங்கட்கிழமையே நான் குமிழைத் திருகினேன். விஷமமில்லை, கர்த்தர் மேல் ஆணை. வருகிறவர்கள் தொட்டிக்கு எதிர்க் கதிரையில்தானே உட்காருவார்கள், அதற்குள் மண் நிறத்தில் ஒன்று கிடந்தால் சித்திக்குத்தானே கேடு? புள்ளியைத் தாண்டி அந்தம் வரை திருகினேன். ஹோல் பளீரென்றது. புதன்கிழமை பவளம் லேசாக வெளிறியது. சனிக்கிழமை பார்த்தால் பால் வெள்ளை. அம்மா கைதட்டாத குறை. "இப்பதான் பாக்குற மாதிரி இருக்கு" என்றாள். அந்தப் பாராட்டில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்னொரு காரியமும் செய்தேன். கிறீம் வீணாகிறதே என்று ஒவ்வொரு பின்னேரமும் எடுத்து என் முகத்தில் பூசிக்கொண்டேன். பவளம் வெளுத்த வேகத்தில் நான் வெளுக்கவில்லை. அதில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

சனி இரவு சித்தி வந்து சேர்ந்தபோது எட்டு மணி தாண்டி, தொட்டி விளக்கு அணைந்திருந்தது. ஞாயிறு காலை பூசைக்கு ஓட்டம். திரும்பியதும் அறைக்குள் பட்டுச் சேலை. அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள்: மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா. அந்த அம்மா தொட்டியைப் பார்த்ததும், "அடடா, என்னா வெள்ளை! வீட்டுக்கே ஒரு களை" என்றார். நான் நெளிந்தேன்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த சித்தி அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். தட்டை மாப்பிள்ளை கையிலேயே திணித்துவிட்டுத் தொட்டியிடம் போனாள். விளக்கைப் பட்டென்று அணைத்தாள். பட்டுச் சேலை நனைய, முழங்கைக்கு மேலே கையை விட்டு, பவளத்தைப் பாறை நிழலுக்கு நகர்த்தினாள்.

"என்னம்மா, அழகாத்தானே இருந்திச்சு?" என்றார் அந்த அம்மா.

"அழகு இல்லீங்க. உள்ள இருந்த செடியெல்லாம் போயிருச்சு. பட்டினி கெடக்கு. இப்படியே விட்டா செத்துப்போயிரும்."

கையில் தட்டோடு மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் தொட்டியையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தார். ரோல்ஸை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். தொட்டியில் கிடக்கிற ஒரு பூச்சிக்காக, வந்த சம்பந்தத்தைக் கெடுத்துவிட்டாளே என்று அம்மா குசினியில் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை.

நான் பின்பக்கக் குழாயடியில் ஒளிந்திருந்தேன். சித்தி வந்ததும் நானே ஒப்புக்கொண்டேன்.

"ஏன்டி அப்படிச் செஞ்ச?"

"வெள்ளையா இருந்தாதானே எல்லாருக்கும் புடிக்கும் சித்தி."

அடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடினேன். அடி விழவில்லை. பக்கத்தில் குனிந்து என் கன்னத்தை முகர்ந்தாள். "என்னது வாசம்?" என்றாள். அதையும் சொன்னேன்.

குழாயைத் திறந்து, சவர்க்காரம் போட்டு என் முகத்தைத் தேய்த்தாள், தேய்த்தாள், அப்படித் தேய்த்தாள். உள்ளே போய் அந்த டியூப்பை எடுத்துவந்து, வேலிக்கு அப்பால் தேயிலைக்குள் வீசினாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எப்பேர்ப்பட்ட உயிரைச் சாகடிக்கப் பார்த்தேன் என்று நானும் ஓவென்று அழுதேன்.

"அழாதீங்க சித்தி, அது மறுபடியும் கறுத்துரும்" என்று தேற்றினேன்.

அதைக் கேட்டு அவள் அழுகையோடு சிரித்தாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு தொட்டிக்கு மேலே, கட்டிலுக்குக் கட்டும் நுளம்பு வலைத் துண்டை இரண்டாக மடித்துப் போட்டு வெளிச்சத்தைக் குறைத்தோம். இரண்டு நாளைக்கு ஒருமுறை இறாலை அரைத்து, துளித்துளியாக ஊட்டினோம். வாரங்கள் போயின. நாலாவது கூட்டமும் சொல்லி அனுப்பியது. இன்றைக்கோ நாளைக்கோ கரைந்துவிடும் என்று பயந்து, பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து முதலில் தொட்டியைத்தான் பார்ப்பேன். ஒரு நாள் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு கோடு. மறு கிழமை அது விரல் அகலம். பழைய அதே தேயிலைச் சாயம்.

"சித்தி! கறுத்திருச்சு! ஓடி வாங்க, கறுத்திருச்சு!" என்று வீடு அதிரக் கத்தினேன்.

மாவுக் கையோடு குசினியிலிருந்து ஓடிவந்தாள். அந்த வீட்டில் ஒன்று கறுத்ததற்கு யாரும் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவள் தொட்டியைப் பார்க்கவில்லை. இரண்டு மாவுக் கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி நின்றாள்.

"பவளம் அங்க இருக்கு சித்தி" என்று நான் தொட்டியைக் காட்டினேன்.