ஆட்டிய விளக்கு

டாய்ல் ஹார்கிஸுக்கு இடது காது பாதிதான். மீதியைக் கோய் மாஷ்பர்ன் கடித்துத் துப்பிவிட்டான். துப்பிய இடம், வெள்ளம் ஏறிய காட்டுக்குள் ஓக் மரங்கள் வட்டமாக விலகி நிற்கும் ஒரு நீர்வெளி. அன்றிலிருந்து அதற்கு அரைக்காது மடு என்று பெயர். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், அந்த ஆற்றங்கரையில் வாத்து சுடுகிற எவனைக் கேட்டாலும் வழி சொல்வான். தன் உடம்பில் ஒரு துண்டு விழுந்த இடம் என்பதால் மடு தனக்கே பாத்தியப்பட்டது என்று டாய்ல் பேசிக்கொண்டு திரிந்தான். அது அரசாங்கக் காடு, யாருக்கும் சொந்தமில்லை. அதை அவனிடம் போய்ச் சொல்லத்தான் ஆள் இல்லை.

கோடையில் பார்த்தால் இவனா அவன் என்று இருக்கும். நெல் உலர்த்தும் ஆலையில் அறுந்த சங்கிலியை மாட்டுவான், தேய்ந்த பட்டையை மாற்றுவான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அடித்தொண்டையில் பாடுவான். பக்கத்து வீட்டு பம்பு நின்றுபோனால் கூப்பிடாமலே போய் நிற்பான். குளிர் இறங்கி, ஆறு காட்டுக்குள் ஏறி, பச்சைத்தலை வாத்துகள் வடக்கிலிருந்து வந்து கொட்டும்போதுதான் அவனுக்குள் சனியன் புகுந்துகொள்ளும். துடுப்பால் ஒருவனின் முன்பற்களைப் பெயர்த்திருக்கிறான். படகுத்துறையில் வரிசையை மீறி நுழைந்த நகரத்து ஆளின் புது வண்டியை, கைப்பிரேக்கை விடுவித்துத் தண்ணீருக்குள் அனுப்பிவைத்திருக்கிறான். அவன் மனைவி லவோன் நவம்பர் பிறந்ததும் பனிக்கட்டிப் பைகளை எடுத்துத் தயாராக வைத்துவிடுவாள். புருஷன் முகத்தில் எந்தப் பக்கம் வீங்கும் என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

இவ்வளவு முரடனிடமும் ஒரு ஒழுங்கு இருந்தது. அந்தக் காட்டில் மடு முதலில் போனவனுக்கு. விடியுமுன் இருட்டில் இன்னொரு படகின் சத்தம் நெருங்கினால், போனவன் நெற்றி விளக்கைக் கழற்றிக் கையில் பிடித்து இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டுவான். ஆள் இருக்கிறது, வேறு இடம் பார் என்று அர்த்தம். வந்தவன் மோட்டாரைத் தணித்து, பதிலுக்குத் தன் விளக்கை ஒருமுறை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போவான். வாய் வார்த்தை கிடையாது. மடுவுக்காகக் காதையே கொடுத்த டாய்ல், ஆட்டிய விளக்கைத் தாண்டி ஒரு நாளும் படகை ஓட்டியதில்லை. அந்தக் காது போன சண்டைகூட, கோயும் அவனும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்ததால், யார் விளக்கை யார் மதிப்பது என்று வந்ததுதான்.

அந்த ஒழுங்கையும் கெடுத்தார்கள். கெடுத்தது மாஷ்பர்ன் சகோதரர்கள், கோயும் அவன் தம்பியும். முந்தின நாள் மாலையே ஒரு விளக்கை மடு ஓரத்துக் கிளையில் கயிற்றில் தொங்கவிட்டுவிட்டு வீட்டில் போய்ப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். காற்றில் விளக்கு தானாக ஆடும். வருகிறவன் மரியாதையாகத் திரும்பிவிடுவான். இவர்கள் வெளுத்த பிறகு காப்பிக் குடுவையோடு சாவகாசமாக வந்து சுடுவார்கள். டாய்ல் அப்படி ஒரு பருவத்தில் பலமுறை ஏமாந்தான். ஏமாந்தது மட்டுமா, பதில் விளக்கு வேறு ஆட்டிவிட்டு வந்தான். துறைக்கு வரும் சாலையில் இருக்கிற சாப்பாட்டுக்கடையில் கோய் இதைச் சொல்லிக் காட்டினான். டாய்ல் ஓக் மரத்துக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போகிற நல்ல பிள்ளை என்றான். கடையே சிரித்தது. டாய்ல் தட்டை அப்படியே கோயின் முகத்தில் அறைந்தான். சூடான குழம்பு கண்ணில் இறங்க, கோய் நாற்காலியைத் தூக்கினான். இருவரையும் பிரிக்க சமையல்காரி வெந்நீர்ப் பாத்திரத்தோடு வரவேண்டியதாயிற்று.

வெளியே வந்த டாய்ல், துறையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். "இனிமே அந்த மடுவுல விளக்கைப் பார்த்தேன்னா நிறுத்த மாட்டேன். விளக்கு மேலேயே ஏத்துவேன்."

சொன்னதைச் செய்தான். ஜனவரி மாதம், கிளைகளை முறிக்கிற காற்று. டாய்ல் தனியாகத்தான் போனான். அவனோடு படகில் ஏற அப்போது யாரும் மிச்சமில்லை. மடுவின் வாய்க்குத் திரும்பியபோது உள்ளே ஒரு விளக்கு ஆடியது. இடமும் வலமுமாக, மெதுவாக ஆடியது. பழக்கத்தில் கை மோட்டாரைத் தணிக்கப் போனது. சாப்பாட்டுக்கடைச் சிரிப்பு காதில் கேட்டது. முழு வேகத்தில் முறுக்கினான்.

விளக்கு சட்டென்று மேலே போய், வேகமாக ஆடி, பிறகு காணாமல் போனது. படகின் மூக்கு மெத்தென்ற எதிலோ ஏறி இறங்கியது. அடுத்த நொடி இரும்பில் இரும்பு மோதியது. டாய்ல் தூக்கி எறியப்பட்டு ஒரு மரத்தில் முதுகு அடிபட்டுத் தண்ணீரில் விழுந்தான். எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, கட்டிவைத்திருந்த இன்னொரு படகின் பக்கவாட்டைத் தன் படகு கிழித்துக்கொண்டு நின்றது. இரண்டிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மோட்டாரின் விசிறித் தண்டு வளைந்து தொங்கியது. நடுவில், இடுப்பளவு நீரில், கோய் மாஷ்பர்ன் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். தம்பிக்குக் காய்ச்சல் என்பதால் அன்று அவனும் தனி ஆள். அவனைச் சுற்றித் தண்ணீர் கறுத்துக்கொண்டே போனது.

டாய்ல் ஓடிப்போய்த் தூக்கினான். தூக்க வந்தவனின் மூக்கில் கோய் தலையால் இடித்தான். இரண்டாவது முறை இடிக்க வந்தபோது பலம் போய்த் தோளில் சாய்ந்துவிட்டான். மூக்கு உடைந்து ரத்தம் ஒழுக, டாய்ல் அவனை மூழ்காமல் மிஞ்சிய படகு முனையில் இழுத்துப் போட்டான். வலது தொடை எலும்பு வரை பிளந்து கிடந்தது. ரப்பர் உடுப்பைக் கத்தியால் கீறி, தன் இடுப்புவாரைக் கழற்றித் தொடையின் மேல் சுற்றி, முழங்காலால் மிதித்து இறுக்கினான். கோய் அலறினான். ரத்தம் குறைந்தது. நிற்கவில்லை.

செல்போனில் அந்தக் காட்டில் என்றைக்குமே சிக்னல் கோடு காட்டாது. டாய்ல் துப்பாக்கியை எடுத்து வானத்தில் மூன்று முறை சுட்டான். விடியுமுன் சுடுவது குற்றம். எங்கோ தொலைவிலிருந்து, நேரம் தெரியாத நாயே என்று திட்டு வந்தது. ஆள் வரவில்லை.

அப்போது ஒரு படகின் சத்தம் நெருங்கியது. டாய்ல் விளக்கைக் கழற்றித் தலைக்கு மேலே பிடித்து ஆட்டினான். கை வலிக்க ஆட்டினான். தொண்டை கிழியக் கத்தினான். மோட்டார் சத்தத்தில் குரல் எங்கே எடுபடும்? படகு மடு வாய்வரை வந்தது, வேகத்தைத் தணித்தது, தன் விளக்கை ஒருமுறை ஆட்டியது, திரும்பிப் போனது.

டாய்லுக்கு முதலில் புரியவில்லை. இரண்டாவது படகு வந்தது. இன்னும் வேகமாக ஆட்டினான். அதுவும் பண்பாகப் பதில் சொல்லிவிட்டுப் போனது. மூன்றாவது படகு வாய்க்காலில் திரும்பும்போதே அவன் விளக்கைப் பார்த்து விலகிவிட்டது. அவன் காடெல்லாம் கேட்கக் கெட்ட வார்த்தை சொல்லித் தண்ணீரை அறைந்தான்.

கோயின் உதடு வெளிறிப்போயிருந்தது. "நீ விளக்கை ஆட்டுறே. அவனுங்க மரியாதையா போறானுங்க," என்றான். "அணைச்சுத் தொலைடா."

"அணைச்சா காலி மடுன்னு நெனச்சு மேலேயே ஏத்துவானுங்க."

"ஏத்தட்டும். நீ ஏத்தலையா?"

டாய்ல் விளக்கை அணைத்தான். கோயின் தலைக்குக் கீழே தன் கோட்டைச் சுருட்டி வைத்துவிட்டு, மடுவின் வாய்க்கு நீரைத் தள்ளிக்கொண்டு நடந்தான். படகு நுழையக்கூடிய ஒரே இடைவெளியில், மார்பளவு குளிர்ந்த நீரில், இருட்டில் நின்றான். பயந்தான். அவ்வளவு சண்டையிலும் பயப்படாதவன் அப்போது பற்கள் கிட்டிக்கப் பயந்தான். சரியான நேரத்துக்கு முன்னால் விளக்கைப் போட்டால் திரும்பிவிடுவார்கள். பிந்திப் போட்டால் அவ்வளவுதான்.

அடுத்த படகு முழு வேகத்தில் வந்தது. காலியான மடுவைப் பிடிக்கப்போகிற சந்தோஷக் கூச்சல்கூடக் கேட்டது. மூக்கு தெரிகிற தூரத்தில் டாய்ல் விளக்கைப் போட்டு, ஆட்டாமல், ரத்தம் வழியும் தன் முகத்திலேயே திருப்பி அடித்துக்கொண்டான். ஓட்டியவன் திகைத்துப் படகைப் பக்கவாட்டில் ஒடித்துத் திருப்பினான். படகின் விலா டாய்லின் தோளில் இடித்து எலும்பை முறித்தது. அவன் மூழ்கி, முக்கி எழுந்தான்.

படகிலிருந்து இருவர் குதித்தார்கள். முதலாமவன் வந்த வேகத்தில் டாய்லின் வாயில் ஒரு குத்து விட்டான். "விளக்கைக் காட்டாம பதுங்கி நிக்கிறியா? எங்களைக் கொல்லப் பார்த்தியாடா?" என்று கேட்டு இன்னொன்று விட்டான். ஒரு கை தொங்க, டாய்ல் அந்தக் குத்தையும் வாங்கிக்கொண்டான்.

"அப்புறம் அடிக்கலாம். அங்க கோய் கிடக்கான். தூக்குங்க," என்றான்.

தூக்கினார்கள். படகு பறந்தது. டாய்ல் நல்ல கையால் இடுப்புவாரை இறுக்கிப் பிடித்தபடி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். துறையின் விளக்குகள் தெரிந்தபோது கோயின் கை அவன் சட்டையைப் பிடித்திருந்தது. கரையில் இறக்கியபோது விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது. உயிர் போய்விட்டிருந்தது.

துறையில் கூட்டம் கூடிவிட்டது. மாஷ்பர்ன்கள் விளக்கைத் தொங்கவிடுவது ஊருக்கே தெரியும். அன்றும் அப்படித்தான் ஏதோ ஆகியிருக்கும், டாய்ல் மேல் குற்றமில்லை என்று அங்கே நின்றவர்களே பேசிக்கொண்டார்கள். வேட்டைக் காவலர் டாய்லின் பக்கத்தில் குந்தினார். அவருக்கும் அவனைக் கோடையில் தெரியும், தேவாலயத்தில் அவனோடு சேர்ந்து பாடுகிறவர்.

"டாய்ல், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தொங்கவிட்ட விளக்குதானே அது? கோய் கையில வெச்சு ஆட்டலையே?"

சுற்றியிருந்த எல்லாரும் அவன் தலையசைப்பதற்காகக் காத்திருந்தார்கள். லவோனும் வந்திருந்தாள், பனிக்கட்டிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆட்டினான்," என்றான் டாய்ல். "முறையா ஆட்டினான். நான் பார்த்தேன்."