ஐயாவுக்கு எழுதிய கல்வெட்டு

எண்பதுகளின் நடுவில் ஊர்காவற்றுறையில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோர்த்தேன். செத்தவீட்டுக் கல்வெட்டுக்குப் பாட்டு எழுதுவதும் என் வேலைதான். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற சிறு புத்தகம் அது; இறந்தவரின் குணநலமும் வீட்டாரின் புலம்பலும் செய்யுளாக இருக்கும். என் பெயர் எதிலும் வராது. நன்றாக அமைந்த பாட்டென்றால் முதலாளி ஈய எழுத்துகளைக் கலைக்காமல் நூலால் கட்டி வைப்பார். அடுத்த செத்தவீட்டுக்குப் பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும். வேலணை மனைவி அழுத அழுகையையே புங்குடுதீவு மனைவியும் அழுவாள். எனக்கு அதில் சிரிப்புத்தான் வந்தது. சம்பளம் வாங்கினேன், எழுதினேன்.

பிறகு என்னைப் பெற்ற ஐயா இறந்தார். அவருக்கு நானே வீட்டிலிருந்து எழுதினேன். "படலையிலே நின்றிருமிப் பண்போடு வருவீரே" என்று அதில் ஒரு வரி. வீட்டில் நாங்கள் எல்லாரும் பெண்கள். சட்டென்று உள்ளே வந்து எங்களைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று ஐயா வாசற் படலையில் நின்று இருமிவிட்டுத்தான் வருவார். புத்தகத்தை எங்கள் அச்சகத்திலேயே அடித்தோம்.

சில மாதம் கழித்து மடத்துவெளியில் தூரத்து உறவினர் ஒருவரின் முப்பத்தோராம் நாளுக்குப் போனேன். கல்வெட்டை ஒருவர் இராகத்தோடு வாசித்தார். இடையில் ஐயா இருமினார். அதே வரி, ஒரு சொல்லும் மாறவில்லை. இறந்தவரோ வருடக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர், பெண்பிள்ளையும் இல்லை. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை, எல்லாரும் அழுதார்கள். நான் காய்ச்சலில் கிடந்த ஒரு கிழமைக்குள் முதலாளியே அதைக் கோர்த்திருக்கிறார்.

மறுநாள் நேரே அவரிடம் போனேன்.

"அண்ணை, அது என்ர ஐயாவுக்கு எழுதினது."

"பிள்ளை, நீர் இஞ்சை சம்பளத்துக்கு எழுதிறனீர். எழுதினது அச்சகத்தின்ரதானே?"

"அது லீவிலை, வீட்டிலை இருந்து எழுதினனான்."

அவர் கெட்ட மனிதரல்ல. "சரி, பாதி உமக்கு, பாதி எனக்கு. இனி உம்மட்டைக் கேட்டுத்தான் போடுவன். உம்மட பேரும் போடுறன்."

மற்றப் பாட்டுகளுக்கு இதைச் சொல்லியிருந்தால் சந்தோசமாக ஒப்புக்கொண்டிருப்பேன். அவை அவருடைய கூலியிலும் என் தலையிலும் பிறந்தவை, பங்கு நியாயம்தான். ஐயாவில் எந்தப் பாதியைக் கொடுப்பது?

கட்டி வைத்திருந்த பக்கத்தை எடுத்து நூலை அவிழ்த்தேன். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போட்டேன்.

"என்ன பிள்ளை செய்யிறீர்?"

"ஈயம் முழுக்க உங்கட பெட்டியிலை கிடக்கு, அண்ணை. ஐயாவை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போறன்."