நான் படிக்காத நான்காம் பாடம்

தேவனுடைய பிள்ளைகளே, இதைச் சொல்ல இன்றும் எனக்கு நா கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

1992-ல் முதலிபாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஷிப்பிங் வேலைக்குச் சேர்ந்தேன். ஏற்றுமதி நிர்வாகத்தில் தபால் வழி டிப்ளமோ முடித்ததாகச் சொல்லித்தான் சேர்ந்தேன். உண்மையில் மூன்று பாடத்தோடு மூட்டை கட்டி வைத்துவிட்டேன். சான்றிதழ் கேட்டபோதெல்லாம், "ஊர்ல இருக்குதுங்க" என்று சமாளித்தேன். முதலாளி நம்பினார். எல்லோருக்கும் நான் 'டிப்ளமோ அம்மிணி'. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வேறு.

ஐப்பசியில் ஒரு பெரிய ஆர்டர். வெளிநாட்டு வங்கியிலிருந்து எல்.சி என்கிற உறுதிக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தில் உள்ளபடி சரக்கு அனுப்பினால்தான் பணம் வரும். அதில் 'பார்ஷியல் ஷிப்மென்ட் கூடாது' என்று இருந்தது.

"இதென்னங்க அம்மிணி?" என்றார் முதலாளி.

பார்ஷியாலிட்டி என்றால் ஓரவஞ்சனை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்! "எல்லாப் பெட்டியும் ஒரே தரமா இருக்கோணுமுங்க, ஓரவஞ்சனை கூடாதாமுங்க" என்றேன். தயாராகியிருந்த பாதிச் சரக்கைக் கப்பலில் ஏற்றச் சொல்லித் தூத்துக்குடிக்கு லாரியில் அனுப்பியும் விட்டேன்.

நான்காம் நாள் வங்கிக்குப் போனேன். அதிகாரி வேறொருவரிடம், "பார்ஷியல் கூடாதுன்னா, ரெண்டு தடவையாப் பிரிச்சு அனுப்பக் கூடாதுன்னு அர்த்தம். அனுப்பினா பணம் வராது" என்று விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கம்பெனியை மூட வேண்டியதுதான். அறுபது பேர் பிழைப்பு.

"ஆண்டவரே, என் பொய் வெளியே தெரியாமல் காப்பாற்றும்" என்று அழுதேன். பொய்க்குத் துணை வரச் சொல்லி அவரையே கூப்பிட்டிருக்கிறேன், பாருங்கள்! மனதுக்குச் சமாதானமே இல்லை. கடைசியில், "என் வாயையாவது திறந்துவிடும்" என்று கேட்டேன்.

நேரே முதலாளி முன் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க அம்மிணி, படிக்கவே இல்லீங்களா?"

"மூணு பாடந்தானுங்க."

திட்டியிருந்தால் தேவலை. உடனே தூத்துக்குடி கப்பல் ஏஜெண்டுக்கு போன் போட்டார். அங்கே மூன்று நாளாக மழையாம். கப்பலில் ஏற்றும் வேலை நின்றுவிட்டது, எங்கள் பெட்டிகள் குடோனிலேயே இருந்தன. மீதிச் சரக்கையும் அவசர அவசரமாக அனுப்பினோம். எல்லாம் ஒரே கப்பலில் போனது. ஊருக்கெல்லாம் பெய்த மழைதான். எனக்கு அது ஆண்டவர் தந்த பதில்.

மறுபடி அதே படிப்பில் சேர்ந்தேன். நான்காம் பாடத்தின் முதல் பக்கத்திலேயே அந்த 'பார்ஷியல் ஷிப்மென்ட்' இருந்தது. வெட்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன், பிறகு திறந்து படித்தேன். ஒருமுறை தோற்று, அடுத்த முறை தேறினேன். டிப்ளமோ என்றால் சுவரில் மாட்டுகிற காகிதம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் அறுபது பேர் சாப்பாடு இருந்திருக்கிறது.

சான்றிதழ் வந்ததும் முதலாளியிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இத பேங்க்காரங்களுக்குக் காட்டுங்க அம்மிணி. எனக்கு, நீங்க அன்னிக்கு வந்து சொன்னதே போதுமுங்க."

என்னால் தலை நிமிர முடியவில்லை. அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னேன்.

எதையாவது மறைத்துத் தரும்படி ஜெபித்துக்கொண்டிருப்பவர்கள் இங்கே இருந்தால், இன்றைக்கே ஜெபத்தை மாற்றிக் கேளுங்கள். சொல்வதற்கு வாயைக் கேளுங்கள். எனக்குக் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார்.