கயிற்றின் மேல்முனை

இந்த ஊர்க் கடல் ஏறுவதுமில்லை, வற்றுவதுமில்லை. மார்செய் என்கிற இந்த வெளிநாட்டுத் துறைமுகத்தின் சுவரில் பாசி படிந்த பச்சைக் கோடு ஒன்று இருக்கிறது. வகுப்புக்குப் போகிற வழியில் தினமும் அதை எட்டிப் பார்க்கிறேன். காலையில் தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்கிறது. மாலையிலும் அங்கேயேதான் நிற்கிறது. கூடப் படிக்கிற மரேக்கிடம், தண்ணீர் நகரவே இல்லையே, ஏதும் கோளாறா என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். அவன் போலந்துக்காரன், அவனுடைய ஆங்கிலமும் அரைகுறைதான். நான் எதையோ தண்ணீரில் போட்டுவிட்டேன் என்று நினைத்துக் குப்புறப் படுத்துத் தேட ஆரம்பித்துவிட்டான். இந்தக் கடலின் சுபாவமே அப்படித்தான் என்று பிறகு வேறொருவர் சொன்னார். புரிந்தது. ஆனால் பயம் போகவில்லை. எங்கள் ஊர் திரேஸ்புரத்தில் தண்ணீர் வற்றினால் படகு சாய்ந்து கிடக்கும், ஏறினால் நிமிர்ந்துகொள்ளும், மூச்சு விடுகிற ஆளைப் போல. மூச்சு விடாத ஒன்றின் பக்கத்தில் எப்படிப் பயமில்லாமல் நடப்பது?

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் நான் ஏதோ பெரிய படிப்பு படிக்கிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சங்கு குளிக்கிற படகில் வேலை. கடலுக்கடியில் வேலை செய்கிறவர்களுக்குக் கோடைக்காலத்தில் இங்கே ஒரு பயிற்சி நடக்கிறது. எங்கள் பங்குச் சாமியார் யார் மூலமோ என் பெயரைக் கொடுத்தார். வேறு யாரிடமும் பாஸ்போர்ட் இல்லாததால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். விசாவில் மாணவன் என்று அச்சடித்திருந்தார்கள். விமானத்தில் அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். தப்பாக அச்சடித்துவிட்டார்கள், இறங்கியதும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வழியெல்லாம் நினைத்தபடியே வந்தேன்.

வந்ததற்குக் காரணம் என் மச்சான். மூத்த அக்காவின் புருஷன். படகிலுள்ள கம்ப்ரசர் காற்றனுப்பும் குழாயைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குகிறவர். இடது காது கேட்பதில்லை. சாயங்காலம் படகிலிருந்து இறங்கும்போது முழங்கால் மடங்காது, இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இந்தப் பயிற்சியில் தேறினால் எனக்கு ஊர்த் துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்யும் வேலை கிடைக்கும், கூட மேலே நின்று உதவ ஓர் ஆளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். அந்த ஆள் மச்சானாக இருக்க வேண்டும். அவரைத் தண்ணீரை விட்டுக் கரையேற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

சங்கு குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அதன் மேல்முனையைப் படகில் பிடித்திருக்கிறவன் அவன் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். தன் அக்காளோ தங்கையோ தாலியறுத்து நிற்க எவனும் சம்மதிக்க மாட்டான், அதனால் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்க மாட்டான். இப்போது பலரும் அதைப் பார்ப்பதில்லை, கிடைத்தவன் பிடிக்கிறான். மச்சான் பார்ப்பார். கல்யாணப் பந்தலிலேயே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏலே மாப்ள, ஒங்கக்கா கழுத்துல நான் ஒரு கயிறு கட்டிட்டேன். நாளைக்கு என் இடுப்புல நீ ஒண்ணு கட்டு. கணக்குச் சரியாப் போச்சா?" பந்தலே சிரித்தது. எனக்கு மட்டும் அன்று பந்திச் சாப்பாடு இறங்கவில்லை. அன்றிலிருந்து நான்தான் கயிறு. எங்களுக்குள் சைகை ஒன்றே ஒன்றுதான். கீழேயிருந்து ஒரு சுண்டு சுண்டினால், தூக்கு. ஏன், எதற்கு என்று யோசிக்கக் கூடாது. கை யோசிக்காமல் தூக்க வேண்டும்.

இங்கே எல்லாவற்றையும் பேசித்தான் செய்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிற க்ளேர் அம்மா காலையில் எங்களை வட்டமாக நிறுத்தி, இன்று உன் பயம் ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று ஒவ்வொருவரையும் கேட்பார். மரேக் கூச்சமில்லாமல், "ஆறு, நேற்று அதிகமாகக் குடித்துவிட்டேன்" என்பான். கடலுக்குப் போகிற நேரத்தில் பயம் என்ற சொல்லையே எங்கள் வீட்டில் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் அது கூடவே படகில் ஏறிவிடும். அதனால் நான் தினமும் "ஒன்று" என்றேன். அவர் மகிழ்ச்சியாகத் தலையசைத்து எழுதிக்கொள்வார். வகுப்பிலேயே தைரியசாலி என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது.

மரேக்கும் நானும் ஜோடி. அவன் இறங்கினால் நான் கயிறு, நான் இறங்கினால் அவன் கயிறு. முதல் நாளே அவனிடம், கல்யாணமாகிவிட்டதா, பெண்டாட்டிக்குத் தம்பி இருக்கிறானா என்று விசாரித்தேன். இருக்கிறான், எதற்கு என்றான். அவனைக் கயிறு பிடிக்கச் சொல்லலாமே என்றேன். மரேக் விழுந்து விழுந்து சிரித்தான். "அவனா? அவன் கயிற்றை அறுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்!"

நான் வகுப்பில் நிற்கிற நேரமும் ஊரில் மச்சான் தண்ணீருக்குள் இருக்கிற நேரமும் ஒன்று. அவருடைய கயிற்றை இப்போது ஆலந்தலை என்ற ஊரிலிருந்து வந்த, உறவில்லாத ஒருவன் பிடிக்கிறான். எப்படிப் பிடிக்கிறான் என்று போனில் கேட்டேன்.

"நல்லாத்தான் புடிக்கான். ஒரு கையில கயிறு, ஒரு கையில போனு. போனத்தான் கொஞ்சம் கெட்டியாப் புடிக்கான்."

"மச்சான், வெளையாடாதீங்க."

"நீ ஏம்லே அங்கன போயும் தொடை நடுங்குத? படிக்கப் போன பய படிலே."

பிறகு ஒருநாள் காலையில் மச்சான் போன் எடுக்கவில்லை. அக்காவிடமிருந்து மட்டும் குரல் செய்தி வந்திருந்தது. "ஏலே தம்பி, இங்கன கச்சான் காத்து பேயா அடிக்கி. மச்சான் சொல்லச் சொல்லக் கேக்காம கடலுக்குக் கெளம்பிட்டாக. நீ ஒரு வார்த்த சொல்லேன்." கச்சான் என்கிற மேல்காற்று அடித்தால் எங்கள் கடல் கலங்கிவிடும், நீட்டிய கை தெரியாது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வட்டத்தில் நின்றபோது க்ளேர் அம்மா கேட்டார். "ஒன்று" என்றேன்.

அன்று பேசும் கருவியில்லாமல் கயிற்றால் மட்டும் பேசிப் பழகும் பாடம். மேலேயிருந்து ஒரு சுண்டு என்றால், நலமா? கீழேயிருந்து ஒரு சுண்டு என்றால், நலம். தூக்கு என்பதற்கு நான்கு. இதை வாரக்கணக்கில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மரேக் இறங்கினான். கயிறு கைக்குள் ஓடி நின்றது. நான் ஒரு சுண்டு சுண்டினேன். கீழேயிருந்து ஒரு சுண்டு வந்தது.

தூக்கிவிட்டேன். கைமாற்றிக் கைமாற்றி, உயிரைக் கொடுத்து இழுத்தேன். பின்னால் க்ளேர் அம்மா கத்துவது எங்கோ தொலைவில் கேட்டது. மரேக் தண்ணீருக்கு மேலே வந்தபோது முகமூடிக்குள் மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து ஆளை அவ்வளவு வேகமாக மேலே கொண்டுவந்தால் நுரையீரல் கிழியலாம் என்று முதல் வாரப் பாடத்திலேயே சொல்லியிருந்தார்கள். அவனைப் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். நான் ஈரக் கயிற்றை விடாமல் பிடித்தபடி நின்றேன். விரல்களை ஒவ்வொன்றாக அவர்கள்தான் பிரித்தெடுத்தார்கள்.

"ஏன் இழுத்தாய்?" என்று க்ளேர் அம்மா கேட்டார்.

எனக்கு ஆங்கிலம் வரவில்லை. வந்த ஒரே வாக்கியம்: "அவர் என் அக்காவின் புருஷன்."

க்ளேர் அம்மா திரும்பி மரேக்கைப் பார்த்தார். ஆக்சிஜன் மூடிக்குள்ளிருந்து மரேக் என்னைப் பார்த்தான்.

"உன் பயம் ஒன்று என்றாயே" என்றார் அவர்.

சுவரோரம் உட்கார்ந்து மறுபடி போன் போட்டேன். இந்தமுறை மச்சான் எடுத்தார். பின்னால் டீக்கடைச் சத்தம்.

"என்னலே இத்தன தடவ அடிச்சிருக்க? போன வண்டியிலயே வச்சிட்டேன். கச்சான்ல எவன் கடலுக்குப் போவான்? ஒங்கக்காட்ட சண்ட போட்டுட்டு இங்கன வந்து உக்காந்து வட தின்னுக்கிட்டிருக்கேன்."

நான் மூக்கை உறிஞ்சினேன். "அழுதியாலே?" என்றார்.

மரேக்குக்குப் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் எனக்குத் தூக்கமில்லை. என்னை வெளியே அனுப்புவார்கள், வேலை போகும், மச்சான் காது போய், கால் போய், கடைசியில் ஒருநாள் ஆளே போவார் என்று மனம் ஒரே தடத்தில் ஓடியது. பயிற்சிக்கூடத்தார் கூடிப் பேசி இரண்டு முடிவு சொன்னார்கள். மரேக் புகார் எதுவும் கொடுக்காததால் என்னை நீக்கவில்லை. ஆனால் இனி நான் கயிறு பிடிக்கக் கூடாது. இறங்குவது மட்டும்தான். கோடை முடிகிறவரை ஒழுங்காக இறங்கி ஏறினால் சான்றிதழ் உண்டு, இன்னொரு தவறு நடந்தால் ஊருக்கு டிக்கெட். க்ளேர் அம்மா என் தோளைத் தொட்டு, உனக்கு இதுதான் சுலபம் என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

இன்று காலை மச்சான் தாமே கூப்பிட்டார். "காத்து அமந்துட்டு. தண்ணி கண்ணாடி கணக்கா கெடக்கு. நான் போயிட்டு வாரேன், நீயும் போயிட்டு வா." ஆலந்தலைக்காரனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்" என்றான் அவன், எதையோ மென்றுகொண்டே.

வட்டத்தில் க்ளேர் அம்மா என்னைக் கேட்டார். முதன்முறையாக "பத்து" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மரேக் என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். இறங்கினேன். அடியில் பச்சை இருட்டு, என் மூச்சின் சத்தம் மட்டும். இந்நேரம் மச்சானும் இறங்கியிருப்பார். எங்கள் இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் மேலே இருக்க வேண்டும் என்பதுதான் கல்யாணப் பந்தலில் ஏற்பட்ட ஒப்பந்தம். இப்போது இரண்டு கடலின் அடியில் இரண்டு பேர். அக்காவின் ஆள் என்று மேலே ஒருவரும் இல்லை.

கயிறு ஒரு சுண்டு சுண்டியது. நலமா என்கிறான் மரேக். என் இரண்டு கைகளும் கயிற்றில்தான் இருந்தன. பதில் சொல்ல வேண்டும். ஊரில் தூக்கு என்பதற்கும் இங்கே நலம் என்பதற்கும் எத்தனை சுண்டு வேண்டுமோ, சரியாக அத்தனையே சுண்டினேன்: ஒன்று. அவன் தூக்கவில்லை.